தூண்டில் போடுபவர் இருவர், உடன் வருபவர் ஐவர்

வாசகர் கேள்வி பகுதி

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன், வயது 61. மகன் கனடாவின் வின்னிப்பெக் நகரில் குடும்பத்துடன் இருக்கிறான். வரும் ஆகஸ்டில் நானும் மனைவியும் இளைய மகளும் அங்கே போகிறோம். மகன், மருமகள், பத்தும் ஆறும் வயதான பேரப்பிள்ளைகள் ஆகியோரையும் சேர்த்து எழுவராக, ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கு ஏரிகளில் ஒரு வாரம் வாலாய் மீன் பிடிக்கத் திட்டம். மகன் மூன்று இடங்களைக் காட்டியிருக்கிறான். ஒன்று, இயர் ஃபால்ஸ் பக்கம், கடைசிப் பகுதி செம்மண் சாலையில் சென்று சேர வேண்டிய, மூன்று வேளை உணவும் தரும் விடுதி. பெரிய மீனுக்குப் பெயர்போனது என்கிறான். இரண்டாவது, சூ நாரோஸ் அருகே சமையலறையுடன் கூடிய மரவீடுகள். மூன்றாவது, மிதவை விமானத்தில் மட்டுமே போகக்கூடிய இடம். செண்டரோ ஏரியில் தோமான் (பெரிய விரால் வகை மீன்) பிடித்த அனுபவம் எனக்கு உண்டு. மகனுக்கும் தூண்டில் பைத்தியம்தான். மற்ற ஐவருக்கும் அது கிடையாது. எதைத் தேர்ந்தெடுப்பது?
— சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: இரண்டாவது இடத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கான காரணத்தை அந்த மீனின் கண்ணிலிருந்து தொடங்குவதுதான் முறை.

வாலாய், கனடாவில் பலர் பிக்கரல் என்றும் சொல்லும் மீன், பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுவதற்கும் இத்தகைய படலமே காரணம். மங்கிய ஒளியில் தன் இரையைவிடத் தெளிவாகப் பார்க்க முடிவதால், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும், மேகம் மூடிய நாளிலும், காற்றடித்து நீர்ப்பரப்பு சிற்றலையாகக் கலைந்திருக்கும் போதும் அது சுறுசுறுப்பாக இரை தேடும். வெயில் ஏறி நீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டால் ஆழத்துக்கு இறங்கி அசையாமல் கிடக்கும். சூ நாரோஸ் இருக்கும் கெனோரா வட்டாரத்தில் ஆகஸ்ட் நடுவில் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி எழுந்து இரவு எட்டரை மணியளவில் மறைகிறது. ஆகவே உங்களுக்கும் மகனுக்கும் உண்மையிலேயே பயன்தரும் நேரம் காலையில் இரண்டு மூன்று மணியும் மாலையில் இரண்டு மூன்று மணியும்தான். இடையிலுள்ள எட்டுப் பத்து மணி நேரம் எழுவரும் கரையில் இருப்பீர்கள். விடுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த நேரத்துக்காகவே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் குடும்பத்துடன் அந்தப் பக்கம் சென்றபோது, ஒரு புகைப்படத்தில் கண்ட மீனின் நீளத்தைப் பார்த்து மயங்கி, திறந்த ஏரிமுகத்தில் தனியே நின்ற ஒரு விடுதியைப் பதிவு செய்தோம். இரண்டாம் நாள் எழுந்த காற்று மூன்றாம் நாள் மாலை வரை ஓயவில்லை. அலை படகுத்துறைப் பலகைமீது ஏறி அடித்தது. ஒரு படகும் நகரவில்லை. பிள்ளைகள் நீந்துவதற்கு மணல்கரையும் இல்லை, நடப்பதற்குப் பாதையும் இல்லை. அவர்கள் இரண்டு நாளும் சீட்டாடினார்கள், என் மனைவி என்னோடு பேசவில்லை. விடுதிக்காரர் மீது குற்றமில்லை. அவர் காட்டிய படம் ஜூன் மாதத்துப் படம், நாங்கள் போனது ஆகஸ்டில்.

அந்த மாத வேறுபாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வடமேற்கு ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் வாலாய்க்கான பருவம் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை தொடங்குகிறது. முட்டையிட்டு முடித்த மீன்கள் அப்போது ஆற்றுமுகங்களிலும் ஆழம் குறைந்த விரிகுடாக்களிலும் கூட்டமாக இருக்கும். ஜூன் முழுவதும் நல்ல வேட்டை. ஆனால் கருப்பு ஈயும் கொசுவும் மனிதரைப் பிய்த்தெடுப்பதும் அந்த மாதத்தில்தான். ஆகஸ்டில் பூச்சித் தொல்லை பெரிதும் தணிந்துவிடும். மீன்களோ விடுதி வாசலை விட்டு ஏரி நடுவிலுள்ள நீரடிப் பாறைத்திட்டுகளுக்கு, இருபது முப்பது அடி ஆழத்துக்கு நகர்ந்திருக்கும். எனவே தொலைபேசியில் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும் என்பதன்று. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் உங்கள் விருந்தினர்கள் எங்கே மீன் பிடிக்கிறார்கள், படகுத்துறையிலிருந்து அங்கே செல்ல எத்தனை நிமிடம், வழியில் திறந்த நீரைக் கடக்க வேண்டுமா என்று கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் சொல்லிவிடுவார். பேச்சைச் சுவரில் மாட்டிய மீனின் பக்கம் திருப்புபவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

இனி உங்கள் மூன்று இடங்கள். விமானத்தில் போகும் இடத்தை இப்போதே ஒதுக்கிவிடலாம். சாமான்களுக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, நள்ளிரவில் ஆறு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இயர் ஃபால்ஸ் வின்னிப்பெக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் வெர்மிலியன் பே வரை சென்று, அங்கிருந்து 105ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏற வேண்டும். அருகிலுள்ள லாக் சூல் ஏரி வாலாய் பிடிப்பவர்கள் மதிக்கும் ஏரி என்பதில் ஐயமில்லை. அங்கே 46 முதல் 53 சென்டிமீட்டர் வரையுள்ள மீனை நீரில் விட்டுவிட வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருப்பதும் அதன் பெரிய மீன்களுக்கு ஒரு காரணம். நீங்களும் மகனும் மட்டும் போவதானால் அங்கேதான் போகச் சொல்வேன்.

சூ நாரோஸ் கெனோராவுக்குத் தெற்கே 71ஆம் நெடுஞ்சாலையில், லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. வின்னிப்பெக்கிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம், சாலை முழுவதும் தார்ச்சாலை. அந்த ஏரியில் 14,000க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவருக்கு அந்தத் தீவுகள்தாம் பெரிய வரம், ஏனெனில் எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஏதோ ஒரு தீவின் மறைவில் படகை நிறுத்திப் பிள்ளைகளைத் தூண்டில் போட வைக்கலாம். வாலாய் அகப்படாவிட்டாலும் படகுத்துறையில் உட்கார்ந்து மண்புழு கோர்த்தால் பெர்ச் மீன் கடிக்கும்; ஆறு வயதுக்கு அது தோமானுக்குச் சமம். ஆகஸ்டில் இந்த ஏரியின் சில பகுதிகளில், குறிப்பாகத் தென்பகுதியில், நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு. பிள்ளைகளை நீரில் இறக்குமுன் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறை வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். மூன்று வேளையும் உணவு தரும் விடுதிகள் ஆள் கணக்கில் பணம் வாங்குகின்றன. மரவீட்டுக்கோ பெரும்பாலும் வாரக் கணக்கில் வாடகை. எழுவருக்கு எது சிக்கனம் என்று நீங்களே கணக்குப் போடலாம். பணத்தைவிட உணவுதான் பெரிய விஷயம். அத்தகைய விடுதிகளின் இரவு உணவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் முறைவைத்து வரும். நேரத்துக்கு மணியடிப்பார்கள், மீன் நன்றாகக் கடிக்கும் அந்தியில் நீங்கள் மேசையில் இருப்பீர்கள். சொந்தச் சமையலென்றால் ஐந்து மணிக்கே சோறும் ரசமும் முடித்துவிட்டு ஏரிக்குத் திரும்பலாம். அரிசி, பருப்பு, மசாலை யாவும் வின்னிப்பெக்கிலேயே கிடைக்கும். மலேசியாவிலிருந்து எதையாவது கொண்டுபோனால் எல்லையில் அறிவிக்க வேண்டும், இறைச்சி கலந்த பொருளை எடுத்துச் செல்லவே வேண்டாம். பிடித்த மீனைத் தீவுக் கரையிலேயே விறகு மூட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கோடு உண்பது அங்குள்ள வழக்கம். வழிகாட்டிகள் சிலர் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லி, எண்ணெயைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். வாலாயின் சதை வெண்மையானது, வாடையற்றது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் நம் வீட்டு மீனாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. வாலாய் பிற மீன்களைத் தின்னும் மீனாதலால் வயது ஏற ஏற அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்கும் தனி வரம்பு உண்டு. 1960களில் டிரைடன் நகரத்து ஆலைக் கழிவினால் இங்கிலிஷ்-வாபிகூன் ஆற்று நீர்வழி பாதரசத்தால் கெட்டு, கிராஸி நாரோஸ் பழங்குடி மக்கள் இன்றும் அதன் துன்பத்தைச் சுமக்கிறார்கள். ஆகவே மருமகளும் பிள்ளைகளும் உண்பதற்குச் சிறிய மீன்களை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவதே அறிவு.

எழுவருக்கு இரண்டு படகு வேண்டும். படகின் நீளம், சாய்வுள்ள இருக்கை, ஆறு வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை ஆகியவற்றைப் பதிவுக்கு முன்பே கேளுங்கள். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான சட்டை இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். வாடகைப் படகை ஓட்டுபவருக்கு விடுதியிலேயே பாதுகாப்பு விளக்கம் சொல்லிக் கையொப்பம் வாங்குவார்கள். முதல் நாள் மட்டுமாவது ஒரு வழிகாட்டியை அமர்த்துவது வீண் செலவன்று. அவர் காட்டிய இரண்டு பாறைத்திட்டுகளை வைத்தே வாரம் முழுவதும் ஓட்டிவிடலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவை, கைரேகையும் தர வேண்டும். விசா கையில் வருமுன் பெரிய முன்பணம் கட்ட வேண்டாம். பல விடுதிகள் அதைத் திருப்பித் தருவதில்லை. போகும் நாளில் வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடுங்கள், அந்தி நேரத்தில் மூஸ் மான் நெடுஞ்சாலைக்கு வரும். அதன் எடை நம் பக்கத்துக் காட்டுப்பன்றியின் எடையன்று. இரவுக்குக் கேமரன் மலைக்குக் கொண்டுபோகும் அளவு குளிராடை போதும்.

கேள்வி: எனக்கு 68 வயது. மூத்தோருக்கு அங்கே மீன்பிடி உரிமம் வேண்டாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— கூலிம் வாசகர்

பதில்: கனடாவில் வசிக்கும் 65 வயது நிறைந்தோருக்கே அந்தச் சலுகை. வெளிநாட்டிலிருந்து வருபவர் 18 வயதைக் கடந்திருந்தால் எத்தனை வயதானாலும் உரிமம் வாங்க வேண்டும். ஒரு நாளுக்கும் எட்டு நாளுக்கும் ஓராண்டுக்கும் உண்டு. முழு உரிமத்தைவிடக் குறைவான மீன்களை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் மலிவான உரிமமும் உண்டு. விருந்தினருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். மேலே எழுதிய வாசகரின் மகன் மனிதோபா மாநிலத்தில் வசிப்பவர். அவருடைய மனிதோபா உரிமம் ஒன்டாரியோவில் செல்லாது.

கேள்வி: தோமானுக்கு வாங்கிய தூண்டில் கோலையே அங்கே பயன்படுத்தலாமா? என்ன இரை?
— தெலுக் இந்தான் வாசகர்

பதில்: அது மிக விறைப்பான கோல். தோமான் அடிப்பது வீட்டுக் கதவை உதைப்பது போல. வாலாய் கடிப்பதோ ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு கனம், அவ்வளவுதான். ஆறடி, ஆறரை அடி நீளமுள்ள மென்மையான கோலும், ஆறு அல்லது எட்டு இராத்தல் நரம்பும், ஈயத் தலை வைத்த முள்ளும் போதும். இரை பொடிமீன், மண்புழு அல்லது அட்டை. ஆம், அட்டைதான். தோட்டத்தில் பால் வெட்டப் போய்க் காலில் ஏறிய அட்டையை நாம் புகையிலைத் தண்ணீர் போட்டு விரட்டினோம். அங்கே டஜன் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உயிருள்ள பொடிமீனையும் அட்டையையும் வேறு மாநிலத்திலிருந்து ஒன்டாரியோவுக்குள் கொண்டுவரக் கூடாது. தங்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய மீனை விட்டுவிடச் சொல்கிறார்களே, விட்ட மீன் பிழைக்குமா?
— பீடோர் வாசகி

பதில்: ஆழத்தைப் பொறுத்தது. பெரிய வாலாய் பெரும்பாலும் முட்டையிடும் பெண். குளிர்ந்த நீரில் அது அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன, அதனால்தான் விடச் சொல்கிறார்கள். ஆனால் முப்பது அடிக்குக் கீழிருந்து விரைந்து இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பிவிடும். நீரில் விட்டாலும் மேலே மிதந்து, பெரும்பாலும் செத்துப்போகும். உரிமப்படி நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கை நிறைந்த பிறகும் விளையாட்டுக்காகத் தூண்டில் போட விரும்பினால், ஆழமான திட்டை விட்டு இருபது அடிக்கும் குறைந்த ஆழமுள்ள நீருக்குப் படகை நகர்த்துங்கள். மீனை ஈரக் கையால் பிடித்து, படத்தைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது, அங்கே விரலை வைக்காதீர்கள்.