இடது கார்னருக்கு அடுத்த ஆள் யார்?

கேள்வி: மூன்று வருஷமாக எங்கள் ஊர் கபடி அணியில் நான் எக்ஸ்ட்ரா ஆள்தான். பொங்கல் போட்டிகளுக்கு வேனில் கூட்டிப் போகிறார்கள், களத்தில் இறக்குவதில்லை. விலகிவிடலாமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: விலகுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள் தம்பி. நீங்கள் யாருக்கு மாற்று? ரைடராகத்தான், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவராகத்தான், இறங்குவேன் என்றால் உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஆனால் பல ஊர் அணிகளில் இடது கார்னருக்கு, அதாவது பிடிப்பவர் வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவருக்கு, மாற்று ஆளே கிடையாது. அவருக்குக் கால் பிசகினால் கவரில் (வரிசையின் உள்பக்கம்) நிற்பவரை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். இரண்டு இடமும் ஓட்டையாகிவிடும். அந்த இடத்துக்குத் தயாராகுங்கள்.

பட்டியலில் 12 பேர், களத்தில் 7 பேர். டைம் அவுட்டிலோ இடைவேளையிலோதான் நடுவரிடம் சொல்லி ஆள் மாற்ற முடியும். அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் பதிலாக உங்களை இறக்க முடியாது, உள்ளே நிற்பவருக்குப் பதிலாகத்தான். டைம் அவுட் வெறும் 30 விநாடி. அதற்குள் உடம்பு சூடேறாது. ஆகவே ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்திலிருந்தே கோட்டுக்கு வெளியே மெதுவாக ஓடுங்கள், குந்தி எழுங்கள், தொடையின் பின்தசையை நீட்டிவிடுங்கள். எப்படியும் இறக்க மாட்டார்கள் என்று மதியம் களியை வயிறு முட்டச் சாப்பிட்டு உட்காருவதை இன்றோடு விடுங்கள்.

வெளியே இருக்கும்போது எதிரணி ரைடரின் காலை மட்டும் பாருங்கள். போனஸுக்கு, அதாவது போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்க, எந்தக் காலை நீட்டுகிறார்? நீட்டுமுன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது? உள்ளே நிற்கும் ஏழு பேருக்கும் இதை நிதானமாகப் பார்க்க நேரமில்லை. கால் நீண்டதும் இரு கையாலும் கணுக்காலுக்குச் சற்று மேலே பற்றி, நெஞ்சோடு அணைத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தலை காலுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். நேரே கொடுத்தால் முழங்கால் முகத்தில் இடிக்கும்.

புதிதாக இறங்கியவர்கள் கெடுப்பது முதல் ரைடில்தான். திறமையைக் காட்டத் தனியாகப் பாய்வார்கள். பக்கத்து ஆளோடு கோத்த கை விட்டுப்போகும், அந்தச் சந்திலேயே ரைடர் திரும்பிப் போய்விடுவார். முதல் இரண்டு ரைடுக்குக் கையை விடாமல் நில்லுங்கள்.

நாளைக்கே கேப்டனிடம் கேளுங்கள், "அண்ணே, இடது கார்னருக்கு அடுத்த ஆள் யாரு?" என்று. அவர் யோசித்தால் மறுநாளே அங்கே நின்று பயிற்சி எடுங்கள். அதற்கப்புறமும் அடுத்த பொங்கல்வரை ஒரு பாதி ஆட்டம்கூடத் தரவில்லையென்றால், தாராளமாக வேறு ஊர் அணியில் சேருங்கள். அதில் தப்பே இல்லை.