ரியாலிட்டி நிகழ்ச்சியைப் பகடியாக வரைவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றைப் பகடி செய்து சித்திரக்கதை வரைய ஆசை. போட்டியாளர்களின் முகங்களை வரைந்து பழகி வருகிறேன். சரியான தொடக்கமா?

முகங்கள் பிறகு வரட்டும். முதலில் ஓர் எபிசோடை ஒலியே இல்லாமல் பாருங்கள். காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் பேசுகிறார். உடனே இன்னொருவரின் முகம். அடுத்து யாரோ ஒருவர் தனியறையில் உட்கார்ந்து கேமராவிடம் மனம் திறக்கிறார். பிறகு விளம்பரம். பத்தே நிமிடத்தில் தாள் கோடுகளால் நிறைந்துவிடும். நீங்கள் பகடி செய்ய வேண்டியது இந்தக் கோடுகளைத்தான். சுவீடனில் 1997-இல் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’, நெதர்லாந்தில் 1999-இல் ‘பிக் பிரதர்’ என்று இந்த வகை நிகழ்ச்சிகள் பரவத் தொடங்கின. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டி ஒட்டும் முறை பெரிதாக மாறவில்லை.

கேள்வி: படத்தொகுப்பைத் தாளில் எப்படிக் கேலி செய்வது?

சித்திரக்கதைக்கு இது கைவந்த கலை. இரண்டு கட்டங்களை அருகருகே வைத்தால், நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே ஓர் உறவைக் கற்பித்துக்கொள்வார். ரஷ்யத் திரைக்கலைஞர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் காட்டியதும் இதைத்தான். சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசி தெரிகிறது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துயரம் தெரிகிறது.

நீங்களே செய்து பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணின் முகத்தை ஒரே ஒரு முறை வரைந்து மூன்று பிரதி எடுங்கள். முதல் பிரதிக்கு அருகில் தோழி பரிசு வாங்கும் கட்டம்: பொறாமை. இரண்டாவதற்கு அருகில் உடைந்த கோப்பை: குற்ற உணர்ச்சி. மூன்றாவதற்கு அருகில் ஒரு இளைஞன்: காதல். கடைசியில் அகலமாக ஒரு கட்டம் போட்டு முழு அறையையும் காட்டுங்கள். அவள் இவ்வளவு நேரமும் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெவ்வேறு நாட்களில் பேசியதைத் துண்டுகளாக ஒட்டி ஒரே வாக்கியமாக்கும் பழக்கமும் இந்தத் துறையில் உண்டு. அதையும் வரையலாம். ஒரு வாக்கியத்தை மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் நீலச் சட்டை, இரண்டாவதில் குளித்த ஈரத்தலை, மூன்றாவதில் மறுபடியும் நீலச் சட்டை. வசனம் மட்டும் இடறாமல் ஓடட்டும். யாரும் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: யார் வெளியேறுகிறார் என்று அறிவிக்கும் முன் வரும் அந்த முடிவில்லாத மௌனத்தை வரைய முடியுமா?

தாராளமாக. சித்திரக்கதையில் நேரம் என்பது இடம்தான். ஒரு முழுப் பக்கத்தை ஒரே அளவில் ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒன்பதிலும் அதே முகத்தை வையுங்கள். நெற்றியில் தோன்றும் வியர்வைத் துளி மட்டும் கட்டத்துக்குக் கட்டம் இறங்கி வரட்டும். புத்தகமாக அச்சிடுவதானால் இது வலப்பக்கமாக அமைய வேண்டும். தாளைப் புரட்டினால்தான் பெயர் தெரியும். கைபேசியில் படிப்பவர்களுக்கு என்றால், கட்டங்களுக்கு இடையில் வெற்றிடத்தை நீளமாக விடுங்கள்.

கேள்வி: முக ஒற்றுமை வரவே மாட்டேன் என்கிறது.

மூக்கைப் பெரிதாக்கினால் ஒற்றுமை வந்துவிடாது. அந்த ஆள் நிற்கும் விதம், தோளின் சாய்வு, கை அசைவு இவற்றைப் பிடியுங்கள். ‘மேட்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்த மோர்ட் ட்ரக்கரின் பக்கங்களில் கைகளை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு கையும் நடிக்கும்.

கேள்வி: போட்டியாளரின் பருமனையோ திக்குவாயையோ வைத்துச் சிரிக்கவைக்கலாமா?

கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஒருமுறை நான் எப்போதும் அழுகிற போட்டியாளர் என்று ஒரு பெண்ணை வரைந்தேன். கண்ணீருக்கு அடியில் வாளி வைத்தேன். பிறகு பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்தபோது உறைத்தது: அவர் அழுதது ஒரே ஒரு முறை. அந்தக் காட்சியைத்தான் மூன்று எபிசோடுகளில் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். அவரைக் கேலிப்பொருளாக்கிய வேலையை நானும் தொடர்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, ஒரே கண்ணீர்த் துளியை மூன்று பேர் கத்தரித்து ஒட்டுவதாக வரைந்தேன். படம் நன்றாக வந்தது, மனமும் ஆறியது.

கேள்வி: வழக்கு வருமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம், வணிக நோக்கில் செய்த பகடியும் நியாயமான பயன்பாடாக (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் இடம் தரும் பயன்பாடாக) இருக்கலாம் என்று 1994-இல் தீர்ப்பளித்தது. பிரிட்டன் 2014-இல் பகடிக்கென்றே பதிப்புரிமை விலக்கு கொண்டுவந்தது. எங்கிருந்தாலும் நிகழ்ச்சியின் சின்னத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள், உண்மையான ஒருவர் செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். பணம் வாங்கி வெளியிடுவதானால் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பேச்சுக் குமிழிக்குள் தமிழ் அடங்குவதே இல்லையே?

நம் சொற்கள் நீளமானவை, அதனால் எழுத்துகளை முதலில் எழுதிவிட்டு, அவற்றைச் சுற்றிக் குமிழியை வரையுங்கள். ஒரு குமிழிக்கு ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவு போதும். அச்சுக்குப் போவதானால் கோப்பு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும்.

கேள்வி: நிகழ்ச்சியையே பார்க்காதவருக்குப் புரியுமா?

புரிய வேண்டும். முதல் பக்கத்தில் கேலியே வேண்டாம். வீடு, விதிகள், தனியறை நாற்காலி எல்லாவற்றையும் நிகழ்ச்சி காட்டுகிற அதே பகட்டோடு வரையுங்கள். இரண்டாம் பக்கத்தில் அதே நாற்காலியைப் பின்பக்கத்திலிருந்து காட்டுங்கள்: கேமரா, விளக்குகள், காகிதத்தோடு நின்று “இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்லுங்கள்” என்று கேட்கும் ஒருவர்.