தமிழ்நாட்டில் மதம் முன்பைவிட அதிகமாகப் பொது வாழ்வில் தலைகாட்டுவது ஏன்?

பக்தி பெருகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அது வாசல் தாண்டி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான் கண்ணெதிரே பார்த்த விநாயகர் சதுர்த்தியை வைத்தே இதைச் சொல்கிறேன்.

என் சிறுவயதில், 1980களின் இறுதி வரை, எங்கள் ஊரில் சதுர்த்தி முழுக்க வீட்டுக் காரியம். அப்பா மனைப்பலகையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். அச்சில் அழுத்தி எடுத்த ஈரக் களிமண் பிள்ளையாரை, கண்ணுக்குக் குன்றிமணி பதித்து, அந்தப் பலகையிலேயே வைத்துத் தருவார்கள். எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, கொழுக்கட்டை. மூன்றாம் நாள் பிள்ளையார் கொல்லைக் கிணற்றுக்குள் போய்விடுவார். இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை.

தெருவில் சிலை வைக்கும் வழக்கத்துக்குத் தனி வரலாறு உண்டு. புனேயில் திலகர் 1893இல் செய்ததை, தமிழ்நாட்டில் இந்து முன்னணி போன்ற அமைப்புகள் 1980களில் கையில் எடுத்தன. 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பெருமளவில் இஸ்லாத்தைத் தழுவியதும், 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரமும் அதற்குப் பின்னணி. 1983இல் திருவல்லிக்கேணியில் ஒரு சிலையோடு தொடங்கியது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிற்றூர்களையும் எட்டிவிட்டது.

அமைப்புகள் தூண்டியதால் மட்டுமே இது பரவியது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஊர்க்கோயில் திருவிழாவில் மண்டகப்படி யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேர்வடத்தை எந்தத் தெருக்காரர் தொடலாம் என்பதெல்லாம் தலைமுறைகளாகத் தீர்மானிக்கப்பட்டவை. தெருப் பிள்ளையாருக்கு அந்தப் பாத்தியதைகள் எதுவும் கிடையாது. சந்தா வசூலித்துப் பந்தல் போட முடிந்தவன் விழாக் குழுத் தலைவன். கோயில் விழாவில் ஓரமாக நின்றே பழகிய இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அவர்களோடு ரசீதுப் புத்தகம் சுமந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். எங்கள் ஊரில் தெருவில் சிலை வைத்த முதல் ஆண்டு, முனையிலிருந்த தையற்கடை பாய்தான் எங்களுக்கு முதல் ரசீது. பந்தலுக்குத் திரைத்துணியையும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார்.

நான்கைந்து ஆண்டுகளில் சிலை வளர்ந்தது, கொடியின் நிறம் மாறியது, வெளியிலிருந்து பேச்சாளர்கள் வந்தார்கள். கரைக்கப் போகும் பாதை பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், அங்கே மேளம் கூடாது என்று மறுதரப்பும் நின்றபோது, காவல்துறையினர் வந்து மேளம் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். அதன்பின் ஊர்வலம் முடிந்ததும் எல்லோரும் பேசியது பிள்ளையாரைப் பற்றியல்ல, அந்தக் கோட்டைப் பற்றித்தான். 2018இன் அரசாணைப்படி, சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடியைத் தாண்டக் கூடாது. தீயணைப்புத் துறை, மின்வாரியம் என்று சான்றுகளும் வாங்க வேண்டும். அப்பா பலகையில் ஏந்தி வந்த சாமிக்கு இப்போது ஒரு கோப்பு இருக்கிறது.

இது ஒரு மதத்தாரின் போக்கு மட்டுமல்ல. பெரம்பலூர் மாவட்டத்து வ.களத்தூரில் கோயில் ஊர்வலத்துக்கு முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்த வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. பெரும்பான்மையாக வாழும் பகுதி என்பதற்காகப் பிறர் ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், அதே நியாயம் வேறிடங்களில் சிறுபான்மையினருக்கு எதிராகத் திரும்பும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, சந்தா வசூலுக்குக் கிளம்பிய இப்போதைய குழுப் பையன்களோடு சற்று நேரம் நடந்தேன். தையற்கடையை பாயின் மகன் நடத்துகிறார். பையன்கள் அந்தக் கடைக்கு முன்னால் நிற்காமல் அடுத்த கடைக்குப் போனார்கள். கேட்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாம். கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டார்களாம். அவரிடம் பிறகு பேசியபோது, தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குவதாகச் சொன்னார்.