படத்தில் மூன்று சரணம், இசைத்தட்டில் இரண்டுதான். ஏன்?

கேள்வி: பழைய படங்களில் முழுதாக வரும் சில பாடல்கள் இசைத்தட்டில் ஒரு சரணம் குறைந்திருக்கின்றனவே, கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இடம் போதாமல் போனதுதான் காரணம். 1980-களில் அப்பா கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர், அதாவது தட்டிலிருந்து பாட்டைக் கேசட்டில் பதிந்துகொடுக்கும் கடை, வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். தட்டைத் துடைத்து ஊசியை இறக்குவது என் வேலை.

முதலில் அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், இழுத்துப் பிடித்தால் இன்னும் சில விநாடிகள். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற ராகத்தைக்கூட அதற்குள் அடக்கித்தான் அந்தக் கால வித்வான்கள் பாடினார்கள். சினிமாப் பாட்டு நீண்டுவிட்டால் ஒரு சரணத்தை விடுவார்கள், அல்லது பாட்டை இரண்டாகப் பிரித்து மறுபக்கத்தில் 'இரண்டாம் பாகம்' என்று போடுவார்கள். 1930, 40-களில் தட்டுக்கென்றே தனியாகப் பாடிப் பதிவு செய்ததும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டில் யாரும் எதையும் வெட்டவில்லை, அது வேறு பதிவு.

அப்புறம் வந்தது இ.பி. (எக்ஸ்டெண்டட் பிளே) என்ற ஏழு அங்குலச் சிறு தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. படத்தில் ஆறு பாட்டு என்றால் நான்குதான் ஏறும். எந்த நான்கு என்று முடிவு செய்யும் இடத்தில்தான் கம்பெனியின் கை ஓங்கியது. மீதி இரண்டும் இன்னொரு தட்டில் வரும், இல்லை வராமலே போகும். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். தட்டேறாத பாட்டுக்குப் படத்தின் பிரிண்ட் ஒன்றே கதி. பிரிண்ட் அழிந்தால் பாட்டும் போச்சு.

எல்.பி. (லாங் பிளே) என்ற பெரிய தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், உள்ளே போகப் போக வட்டம் சிறுத்துவிடும். ஒரு சுற்றில் ஊசி கடக்கும் தூரம் விளிம்பில் இருந்ததில் பாதிகூட இருக்காது. அதனால் கடைசிப் பாட்டில் 'ஸ' எழுத்தெல்லாம் கரகரக்கும். ஆர்ப்பாட்டமான பாட்டை விளிம்புப் பக்கமும் மென்மையான பாட்டை உள்ளேயும் வைப்பது நல்லது. ஒரு பக்கத்தில் அதிக நிமிடங்களைத் திணித்தால், ஊசி ஓடும் பள்ள வரிகள் நெருக்கமாகி, சத்தமும் இறங்கிவிடும். அப்பா தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, வரிகளின் நெருக்கத்தைப் பார்த்தே, "இது சன்னமாத்தான் பாடும், லெவலை ஏத்து" என்பார். சொன்னபடியேதான் இருக்கும்.

ஒருமுறை ஒரு பெரியவர் தட்டில் இல்லாத சரணத்தைக் கேட்டு வந்தார். அவருடைய மனைவி முணுமுணுக்கும் பாட்டாம். தட்டில் அது கிடையாது என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் மனிதர் நகரவில்லை. அந்தப் படம் மறுபடி ஊருக்கு வந்தபோது, தெரிந்த தியேட்டர் ஆபரேட்டரிடம் கெஞ்சி, கேபினில் டேப் ரெக்கார்டரை வைத்து அப்பா பதிவு செய்துகொடுத்தார். பெரியவரிடம் காசு வாங்கவில்லை. அதன் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று சரணமும் இருக்கின்றன, பின்னால் புரொஜெக்டர் ஓடுகிற சத்தத்தோடு.