மாரி காலத்தில் வயதான பெற்றோரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அம்மா, அப்பாவுக்கு மாரியில் என்ன கவனம் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் குளிரைவிட ஈரம்தான் ஆபத்து. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் இங்கே சிலரின் உயிரையே எடுத்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் காயத்தாலும் உடம்புக்குள் போய்விடும். வெள்ளத்திலும் வயலிலும் வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் குளோரின் போட்டு, அப்புறமும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. மல்லித்தண்ணியை நம்பி நாட்களைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். கோயிலுக்கும் சந்தைக்கும் போகமுடியாத மழைநாட்களில் மனமும் சோர்ந்துவிடும். தினமும் பின்னேரம் கோல் எடுத்து ஆறுதலாகக் கதையுங்கள்.