தோட்டம், பேக்டரி, கடை வேலை: கூலி, கிராஜுவிட்டி கேள்வி பதில்

நீலகிரியில் தினக்கூலிக்கும் குறைந்த சம்பளத்துக்கும் வேலை பார்ப்பவர்கள் கேட்டவை. தொழிற்சங்கத்தில் இந்தக் கணக்குகளைப் பார்த்துவருவதால் பதில் சொல்கிறேன்.

பந்தலூர்: அக்கா, அம்மா எஸ்டேட்டில் 22 வருடம் கொழுந்து பறித்து இப்போது ரிட்டயர்டு. முதல் 7 வருடம் தற்காலிகம், அதனால் 15 வருடத்துக்குத்தான் கிராஜுவிட்டி (வேலை முடியும்போது நிர்வாகம் தரும் பணிக்கொடை) என்கிறார்கள். சரியா?

சரியில்லை தம்பி. கிராஜுவிட்டிக்குத் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதம் கிடையாது. வருடத்தில் 240 நாள் பேர் விழுந்திருந்தால், அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தால், அந்த வருடம் சேரும். சம்பள லீவும் பிரசவ லீவும் அந்த 240-க்குள் அடங்கும். கடைசி நாள் கூலியை 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குங்கள். கூலி 450 ரூபாய் என்று வைத்தால் 22 வருடத்துக்கு 1,48,500. 15 வருடத்துக்கு 1,01,250. அம்மாவுக்கு நஷ்டம் 47,250 ரூபாய். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சம்பாதித்தது. ஒரு ரூபாய்கூட விடாதீர்கள்.

நம் ஆட்கள் தோற்பது அத்தாட்சி இல்லாமல்தான். பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பி.எஃப். பிடித்த மாதம் வேலை செய்த மாதம்தானே? எழுத்தில் கேளுங்கள், நகலில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் குன்னூர் தொழிலாளர் அலுவலகத்தில் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

கூடலூர்: பி.எஃப்.-இல் செல்லம்மா, ஆதாரில் செல்லம்மாள். ஓர் எழுத்துதானே?

அந்த ஓர் எழுத்துக்காகப் பணம் மாதக்கணக்கில் நின்றுபோகும். பிறந்த தேதியையும் பாருங்கள். வேலையில் இருக்கும்போதே நிர்வாகத்தின் ஒப்புதலோடு திருத்திவிடுங்கள். தோட்டம் கைமாறினாலோ மூடினாலோ கையெழுத்துக்கு யாரைத் தேடுவீர்கள்? 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் வரும். பாதியில் நிற்பவர்கள் அவசரப்பட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துவிட வேண்டாம்.

கோத்தகிரி: தேயிலை பேக்டரியில் ஆண்களுக்குக் கூலி அதிகம். கேட்டால் 'அவர்கள் மெஷின் ஆட்கள்' என்கிறார்கள்.

ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி தருவது 1976 முதலே சட்டவிரோதம். ஆனால் இங்கே நடப்பது வேறு. இலையைச் சுருட்டும் ரோலரையும் உலர்த்தும் ட்ரையரையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதே இல்லை. பத்து வருடம் கழிந்தும் தூள் சலிப்பதிலேயே நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் கூலி உயர்வோடு சேர்த்து மெஷின் பயிற்சியையும் எழுதிக் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

ஊட்டி: சாக்லேட் கடையில் வேலை. சீசனில் காலை முதல் இரவு வரை நிற்கிறோம். உட்கார்ந்தால் திட்டு.

உட்காருவது உங்கள் உரிமை அம்மா. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

குன்னூர்: நான் வீட்டு வேலை செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. நர்சிங் படிக்க வைக்க வழி உண்டா?

உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நீங்கள் வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பதிந்தால் அதில் கல்வி உதவி தனியாக உண்டு. வயது 18 முதல் 60 வரை. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதியுங்கள்.