செட்டுக்குப் பணம், வயருக்குக் கஞ்சத்தனம்

கேள்வி: என் பழைய டபுள் கப் வண்டியில் 50 வாட்ஸ் வானொலித் தொடர்பாடல் செட் பொருத்தியிருக்கிறேன். மின்சாரம் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து வருகிறது. மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் பேச அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. பழுதில்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏமாற்றுகிறாரா? – ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: இல்லை. இந்தப் பத்தியில் கடைக்காரர் பக்கம் நான் நிற்பது அபூர்வம், இன்று நிற்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் செட்டுக்கு ஓர் அம்பியர் அளவே போதும். பேசும்போது 10 முதல் 12 அம்பியர் வரை இழுக்கும். லைட்டர் துளையின் மெல்லிய வயரும் தளர்ந்த தொடுமுனையும் அதற்கு ஈடுகொடுக்காது; வோல்ற் விழுந்து செட் அணைந்துவிடும். பற்றறியிலிருந்து நேரடியாகத் தனி வயர் இழுங்கள். 4 மீற்றர் தூரமென்றால் போய்வர 8 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 10 அம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.4 வோல்ற் வழியிலேயே தொலையும். 4 சதுர மில்லிமீற்றரில் 0.4 வோல்ற்றுக்கும் குறைவு. நேர் (+) வயரில், பற்றறிக்குப் பக்கத்திலேயே, பியூஸ் இருக்கவேண்டும்.

கேள்வி: 4 சதுர மில்லிமீற்றர் என்று கேட்டுத்தான் வாங்கினேன். தடிப்பான வயர்தான், ஆனாலும் சுடுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. "வெளிநாட்டுச் சரக்கு" என்கிறார் கடைக்காரர். பற்றுச்சீட்டும் தரவில்லை. – முழங்காவில் வாசகர்

பதில்: பெரும்பாலும் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மனம் நோகிறது, ஏனென்றால் நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசி, செம்பு விலைக்கு விற்பது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. அதே தடிப்பில் அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். குலுங்கும் வண்டியில் இழைகளும் சீக்கிரம் முறியும். இன்னொரு வித்தை, தோலைப் பருக்கவைத்து உள்ளே நூலளவு செம்பு வைப்பது. நீரிறைக்கும் பம்பிக்கென்று நான் வாங்கிய அப்படியொரு சுருள் இன்று எங்கள் கோழிக்கூட்டுக் கதவைக் கட்டப் பயன்படுகிறது. வெள்ளையெல்லாம் மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளைதான். ஓர் இழையைக் கத்தியால் ஆழமாகச் சுரண்டுங்கள்: உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக இருந்தால் அலுமினியம். காசு கொடுக்கும் முன்பே, கடை மேசையில் வைத்தே சுரண்டவேண்டும். முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். வயர்த் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் மலிவாக ஒரு செட் எடுத்துவிட்டேன். அனுமதிப்பத்திரம் பிறகு பார்க்கலாம்தானே? – மல்லாவி வாசகர்

பதில்: முடியாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதை இயக்குவது குற்றம். கேட்டுவிட்டு வாங்கியிருக்கவேண்டும்; வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள்.

கேள்வி: என் லொறி 24 வோல்ற். செட்டுக்கு இரண்டு பற்றறிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கலாம் என்கிறார் வயரிங் செய்பவர். – பரந்தன் வாசகர்

பதில்: எடுத்தால் ஒன்று குறை சார்ஜிலும் மற்றது மிகை சார்ஜிலும் கெடும். 24 வோல்ற்றை 12 ஆக்கும் மாற்றிக் கருவி ஒன்றை வாங்குங்கள். 15 அம்பியரைத் தொடர்ந்து தாங்கக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு பற்றறிகளின் விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு.

கேள்வி: பியூஸ் அடிக்கடி போகிறது. கராஜில் அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றித் தந்தார்கள். இப்போது பிரச்சினை இல்லை. – நெடுங்கேணி வாசகர்

பதில்: வண்டி எரியும்வரை இருக்காது. கம்பியை இன்றே கழற்றுங்கள். இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டில் வயர் நுழையும் துளையைப் பாருங்கள். இறப்பர் வளையம் இல்லாவிட்டால் காட்டுப்பாதைக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கும்; உள்ளே உள்ள செம்பு தகட்டில் படும்போதெல்லாம் பியூஸ் போகும். அந்த இடத்தில் வயரை மாற்றி, வளையம் போட்டு, அதன் பிறகு செட்டின் கையேட்டில் குறித்த அளவிலான பியூஸைப் போடுங்கள்.